மெஷின் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கவுன்சலிங் காலம் வந்தால் எனக்கு வருகிற கடிதங்களின் போக்கே மாறிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது, ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் தேவையா என்றெல்லாம் எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க மின்பொறியியல் துறைதான்: அங்கே என்ன படிப்பு, என்ன ஆராய்ச்சி, யார் சேரலாம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில், மோட்டாரும் ஜெனரேட்டரும் ஓட்டிப் பார்க்கும் மெஷின் லேபிலேயே காலம் தள்ளியவள் நான். அந்தப் பக்கச் சாய்வு பதில்களில் தெரிந்தால் தெரியட்டும்.

கேள்வி: என் மகனுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியியல்) கிடைக்கும் போலிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "கம்ப்யூட்டர் எடு, இல்லாவிட்டால் வாழ்க்கையே போச்சு" என்கிறார்கள். கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறோம். அங்கே எதைப் பார்ப்பது?
— ஒரு தாய், அருப்புக்கோட்டை

நுழைவாயில் வளைவையும் ஏ.சி. போட்ட செமினார் ஹாலையும் அவர்களே காட்டுவார்கள் அம்மா. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மெஷின் லேபைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்." சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி ஆள் ஓடினால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

உள்ளே போனதும் மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் பிரேக் டிரம்மைப் பாருங்கள். விளிம்பு உள்பக்கம் மடிந்த இரும்புச் சக்கரம் அது. அதைச் சுற்றி ஒரு பெல்ட், பெல்ட்டின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் தராசு. பெல்ட்டை இறுக்கினால் மோட்டாருக்குச் சுமை கூடும், உராய்வில் டிரம் கொதிக்கும். அதை ஆற்றத்தான் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒழுங்காக ஓடுகிற லேபில் பெல்ட் படும் இடம் கண்ணாடிபோல் தேய்ந்திருக்கும், கீழே தரையில் தண்ணீர்க் கறை இருக்கும். பெல்ட் படும் இடத்தில் துரு ஏறியிருந்தால் நீங்கள் வேறு கல்லூரி பார்க்கலாம்.

அடுத்து, மூன்றாமாண்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, இண்டக்‌ஷன் மோட்டார் லோடு டெஸ்ட் என்று இருக்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் எண்களை ஒப்பிட முடியும். சாதாரண நான்கு துருவ மோட்டார் சுமையில்லாதபோது நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டி ஓடும், முழுச் சுமையில் 1,440 பக்கம் இறங்கும். இடையில் வரும் அளவுகள் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே பின்னே இருக்கும். அன்றைக்கு லைனில் வோல்டேஜ் எப்படி இருந்தது, பெல்ட்டை யார் எவ்வளவு இறுக்கினார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. எல்லா நோட்டிலும் தசமப் புள்ளி உள்பட ஒரே எண்கள் இருந்தால் அந்த வருடம் மோட்டார் ஓடவில்லை, ஜெராக்ஸ் மெஷின்தான் ஓடியிருக்கிறது.

சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எந்தக் கிளையானாலும் புரோகிராமிங் தெரியாமல் இன்று பிழைப்பு நடக்காது. ஆனால் ட்ரிபிள்-ஈ முடித்தவன் ஐ.டி. கம்பெனிக்கும் போகலாம், மின்துறை வேலைக்கும் போகலாம். பையன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கண்டிப்பாகப் பதிவு செய்யுங்கள். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும், இன்னும் நல்ல கல்லூரி கிடைக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ஜே.இ.இ.க்குப் படிக்கிறேன் மேடம். சென்னை ஐ.ஐ.டி.யில் ஈசிஈ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) என்று தனிக் கிளையே கிடையாது, எலக்ட்ரிக்கல் மட்டும்தான் என்கிறார் எங்கள் சார். அந்தத் துறையில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? டிரான்ஸ்ஃபார்மரா?
— பிளஸ் டூ மாணவன், திண்டுக்கல்

உங்கள் சார் சொன்னது சரி தம்பி. வேறு கல்லூரிகளில் ட்ரிபிள்-ஈ, ஈசிஈ, இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்று மூன்று கூரையின்கீழ் நடப்பது அங்கே ஒரே கூரையின்கீழ் நடக்கிறது. மின்தொகுப்பு, பவர் எலக்ட்ரானிக்ஸ், கண்ட்ரோல், சிப் வடிவமைப்பு, கம்பியில்லாத் தொடர்பு, சிக்னல் பிராசஸிங், ஒளியிழை, இத்தனையும் அந்தத் துறைதான். டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு, கவலைப்படாதே.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, அந்தத் துறையிலிருந்து கிளம்பி நம் பக்கத்து ஊர்வரை வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1990-கள். வீட்டுக்கு டெலிபோன் வேண்டுமென்றால் எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பூமிக்கடியில் செம்புக் கம்பி இழுப்பதுதான் செலவில் பெரும்பங்கு. கடைசி சில கிலோமீட்டருக்குக் கம்பியே வேண்டாம், கோபுரத்திலிருந்து ரேடியோ அலையில் அனுப்பிவிடலாம் என்று பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் பாஸ்கர் ராமமூர்த்தியும் அவர்களுடைய டெனெட் குழுவும் முடிவு செய்தார்கள். அதற்கான கருவியின் பெயர் கார்டெக்ட். மைதாஸ் என்ற சென்னைக் கம்பெனியும், சிப்புக்காக அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் கூட நின்றன. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதிலேயே போனும் பேசலாம், அதே நேரத்தில் இணையமும் ஓடும். வேகம் நொடிக்கு 35 கிலோபிட்தான். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பாய். அன்றைக்கு இணையத்தில் இருக்கும்போது வீட்டு போன் எங்கேஜ்டாகத்தான் கிடக்கும்!

இது மதுரைக்கு இந்தப் பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு வந்தது. என்-லாக் என்ற நிறுவனம் கிராமத்துக்கொரு இணைய மையம் என்று திறந்தது. கண்ணில் கோளாறு என்று வருகிறவரின் கண்ணை வெப்கேமில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேரில் வர வேண்டுமா வேண்டாமா என்று அங்கிருந்து பதில் வரும். அப்புறம் செல்போன் மலிவாகி ஊரெல்லாம் பரவியதும் கார்டெக்ட் ஓரமாகப் போய்விட்டது. அதனால் அது தோல்வியா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குழுவில் கம்பியில்லாத் தொடர்பு கற்ற தலைமுறை எங்கும் போய்விடவில்லை. 2022-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5-ஜி சோதனைக் களத்துக்குத் தலைமை ஏற்றது இதே ஐ.ஐ.டி.தான்.

அதே ஜுன்ஜுன்வாலா பிற்பாடு வீட்டு மின்சாரத்தின் பக்கம் திரும்பினார். கூரையில் சோலார் பலகை தருவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். லைனில் வரும் ஏ.சி. திசை மாறி மாறி ஓடுவது. எல்.ஈ.டி. பல்பு, போன், லேப்டாப் எல்லாம் உள்ளே டி.சி.யில்தான் இயங்குகின்றன. நடுவில் எதற்கு இன்வெர்ட்டர் வைத்து ஏ.சி. ஆக்கி, மறுபடி ஒவ்வொரு சார்ஜரிலும் டி.சி. ஆக்க வேண்டும்? ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டம். ஏழை வீட்டின் சின்னப் பலகைக்கு அந்த நஷ்டம் பெரிய தொகை. எனவே வீட்டுக்குள் 48 வோல்ட் டி.சி. ஒயரிங், 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன். ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் இந்த ஏற்பாடு போனது. எனக்கு அந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இதுதான். கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு. அதை வீடு வீடாக ஓட வைப்பதுதான் பொறியியல்.

இன்னொரு கோடியில், சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். 5,132 சீவல்கள். மையத்தை நடத்தும் மோகனசங்கர் சிவப்பிரகாசம் டாக்டர் அல்ல, எலக்ட்ரிக்கல் பேராசிரியர். தமிழ்ப் பேச்சைக் கேட்டுக் கணினி எழுதிக் கொடுக்கும் ஆராய்ச்சியும் அதே துறையில் உண்டு. உன் அப்பா "எலக்ட்ரிக்கல்னா ஒயர்மேன் வேலையா?" என்று கேட்டால் இதைக் காட்டு.

கேள்வி: பெண் ட்ரிபிள்-ஈ தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். கம்பத்தில் ஏற வேண்டியிருக்குமே, பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?
— ஒரு தந்தை, பரமக்குடி

கம்பத்தில் ஏறுவது லைன்மேன் வேலை, அதற்குத் தனித் தகுதியும் பயிற்சியும் உண்டு. பி.இ. படித்த ஆண்களையும் யாரும் ஏறச் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு நம் சென்னையிலேயே 1943-இல் பதில் கிடைத்துவிட்டது ஐயா. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய சர்வே பள்ளி. அங்கே மின்பொறியியல் வந்தது 1930-இல். அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தவர் பப்பு சுப்பாராவ். அவருடைய மகள் லலிதாவுக்குப் 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் பச்சைக் குழந்தை. அந்தக் காலத்தில் ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் இதற்கு மேல் கதை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவோ மகளைத் தன் துறையிலேயே சேர்க்க முயன்றார், முதல்வர் கே.சி. சாக்கோ ஒப்புக்கொண்டார். வகுப்பு, விடுதி எல்லாம் ஆண்கள் மட்டும். லலிதாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கல்லூரி இன்னும் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா இருவரும் சிவிலில் சேர்ந்தார்கள்.

லலிதா மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் ஆண் என்றே இருக்க, அதைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் வேலை. பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பாதை வடிவமைப்பில் அவர் கை உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய்வந்தார். குழந்தையையும் வளர்த்தார்.

நான் படித்த காலத்தில்கூட வகுப்பில் பெண்களை ஒரே பெஞ்சில் அடக்கிவிடலாம். இன்று நிலைமை வேறு. ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கென்றே கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். லேபுக்குப் போகும் நாளில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, துப்பட்டாவைக் குத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். பையன்களுக்கும் கையில் கட்டிய சாமிக் கயிறு, காப்பு விஷயத்தில் இதே சட்டம்தான் போட்டு வைத்திருந்தேன்.

கேள்வி: தமிழ்வழியில் மின்பொறியியல் படிக்க முடியுமா?
— மாணவி, சாயல்குடி

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழி தொடங்கியது சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான். நீ எடுப்பது ஆங்கிலவழியாகத்தான் இருக்கும். பயப்படாதே, முதல் செமஸ்டர் தள்ளாடும், சர்க்யூட் படம் எந்த மொழியிலும் ஒன்றுதான். லேபில் நாங்கள் யாரும் இங்கிலீஷில் திட்டியதில்லை.

கேள்வி: 2012-இல் இந்தியாவில் பாதி இருண்டு போனபோது தமிழ்நாடு மட்டும் எப்படித் தப்பியது? இதையெல்லாம் கல்லூரியில் சொல்லித் தருவார்களா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோவில்பட்டி

தப்பியது என்கிறீர்கள்! அந்த வருடம் நம் ஊர்களில் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போனதை மறந்துவிட்டீர்களா சார்? ஆனால் நீங்கள் கேட்பது வேறு, புரிகிறது. 2012 ஜூலை 30-ஆம் தேதி வடக்கு மாநிலங்களின் மின்தொகுப்பு (கிரிட்) விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. தெற்குத் தொகுப்பு அன்றைக்கு அவற்றோடு ஏ.சி. வழியில் சேர்ந்திருக்கவில்லை. நடுவில் டி.சி. இணைப்புகள் மட்டுமே இருந்தன. டி.சி. வழியாக மின்சாரம் போகும், வரும். அந்தப் பக்கத்துத் தள்ளாட்டம் இந்தப் பக்கம் தாவாது.

கல்லூரியில் சொல்லித் தருவார்களா என்றால், இதற்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது. நான் நடத்தியதிலேயே எனக்கு அலுக்காத பரிசோதனை. ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரை, அதாவது ஏ.சி. ஜெனரேட்டரை, ஈ.பி. லைனோடு சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு மூன்று முனை சுவிட்ச், ஒவ்வொரு முனைக்கும் குறுக்கே இரண்டிரண்டு பல்பு தொடராக. ஒரே பல்பு போட்டால் தாங்காது, இரண்டு மடங்கு வோல்டேஜ் அதன் தலையில் ஏறும் நேரம் உண்டு. நம் மெஷினின் வேகத்தை லைனின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொண்டுவந்தால் பல்புகள் மூன்று ஜோடியும் ஒன்றாகப் பிரகாசமாகி ஒன்றாக மங்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி எரிந்தால் ஃபேஸ் வரிசை தப்பு, நிறுத்தி ஒயரை மாற்ற வேண்டும். வேகத்தை இன்னும் நுணுக்கினால் மினுக்கல் மெதுவாகும்... இன்னும் மெதுவாக... எல்லாம் அணைந்து கும்மிருட்டான அந்தக் கணத்தில் சுவிட்சைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் சத்தமே வராது, ஆல்டர்னேட்டர் லைனோடு ஐக்கியமாகிவிடும். தப்பான நேரத்தில் போட்டால் 'டம்' என்று தரை அதிரும், ஃபியூஸ் போகும், மொத்த லேபும் திரும்பிப் பார்க்கும். சுவிட்ச்மேல் கையை வைத்துக்கொண்டு பல்பையே பார்த்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் சார், பரீட்சை ஹாலில்கூட அப்படி ஒரு கவனத்தைப் பார்த்ததில்லை.

இதையே நாட்டளவில் செய்தார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தெற்கு மற்ற தொகுப்புகளோடு சேர்ந்தது. அன்றிலிருந்து காஷ்மீரும் கன்னியாகுமரியும் ஒரே 50 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. சேர்ந்ததால் லாபம் பெரிது. வடக்கிலிருந்து தாராளமாக வாங்கலாம், ஆரல்வாய்மொழிக் காற்றை விற்கலாம். ஆனால் 2012 மாதிரி ஒன்று இனி நடந்தால் நாமும் அதே வண்டியில்தான் இருக்கிறோம்.

டி.சி. ஒன்றும் போய்விடவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் டி.சி. பாதை, 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறன் உடையது. அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட்டுக்கு இன்னொன்று. கரூர் பக்கம் போனால் அந்த நிலையத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். ஒரு மின்துறைக்காரருக்கு அது கோயில் கோபுரம் பார்ப்பது போல.

இன்றைய ஆராய்ச்சிச் சிக்கல் எங்கே தெரியுமா? அனல் மின்நிலையத்தின் ஜெனரேட்டரில் சுழல்வது பல டன் இரும்பு. எங்காவது ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சில நொடி தாங்கிப் பிடிக்கும். சோலார் பலகையில் சுற்றுவது எதுவுமே இல்லை. கமுதி சோலார் நிலையம் 648 மெகாவாட். அதைத் தொகுப்போடு சேர்ப்பது எலக்ட்ரானிக் இன்வெர்ட்டர்கள். அந்த இன்வெர்ட்டர்களைச் சுழலும் மெஷின் போல நடந்துகொள்ள வைப்பது எப்படி என்பதில்தான் உலகம் முழுக்க பவர் சிஸ்டம் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பி.எல்.டி.சி., இ-ஸ்கூட்டர் என்று வந்துவிட்டதே, மோட்டார் படிப்பு பழசாகிவிட்டதா? மகனை இதில் விடலாமா?
— கடைக்காரர், பீளமேடு

பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா அண்ணாச்சி? ஜி.டி. நாயுடு 1937-இல் மோட்டார் செய்த ஊர் உங்களுடையது. நாட்டின் முதல் உள்நாட்டு மோட்டார் என்று அதைச் சொல்வார்கள்.

பழசாகவில்லை, இப்போதுதான் சூடு பிடிக்கிறது. இ-ஸ்கூட்டரில் பெட்ரோல் எஞ்சின் போய் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதே மோட்டார்தான். அதற்குள் இருக்கும் காந்தம் நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்களால் ஆனது, பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டிக் கம்பெனிகளுக்குக் கை கால் ஓடவில்லை. எனவே காந்தமே இல்லாத மோட்டார் பற்றிய ஆராய்ச்சிக்கு மவுசு கூடிவிட்டது. ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரில் சுழலும் பாகம் பல் வெட்டிய வெறும் இரும்புத் தகடுகள். காயில், காந்தம் எதுவும் கிடையாது. விலை குறைவு, ஆனால் இரைச்சல் போடும், அதிரும். அந்த இரைச்சலை அடக்குவதற்கே பிஎச்.டி. செய்கிறார்கள். உங்கள் கடைக்கு வரும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரிலும் காந்தம் இல்லை என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். டெஸ்லாவின் முதல் கார்களில் ஓடியது அதன் அண்ணன்தான்.

ஒரு விஷயம் உரிமையோடு சொல்கிறேன். பழைய காயிலை ஸ்டேட்டரிலிருந்து (மோட்டாரின் சுழலாத வெளிப்பாகம்) எடுக்கத் தீ வைத்து எரிக்கிறீர்கள் அல்லவா, அதில் சூடு மிஞ்சினால் இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பூச்சு கருகும். மோட்டார் ஓடும், ஆனால் முன்னைவிடச் சூடாகும், கரண்ட் அதிகம் தின்னும். பார்ட்டி "ரீவைண்ட் பண்ணினதிலிருந்து பில் ஏறுது" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் பையன் டிப்ளமோ முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரட்டும். செம்புக் கம்பி அவனுக்கு ஏற்கனவே தெரியும், மைக்ரோகண்ட்ரோலரைக் கற்றுக்கொண்டு வந்தால் பி.எல்.டி.சி. போர்டைத் தூக்கிப் போடாமல் சரிசெய்யும் கடை அந்தத் தெருவில் உங்களுடையதாக இருக்கும்.

கேள்வி: மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேத்தி பி.இ. முடித்துவிட்டு எம்.இ. ஹை வோல்டேஜ், அப்புறம் பிஎச்.டி. என்கிறாள். இன்னும் எத்தனை வருஷம் படிப்பது? அதில் என்ன இருக்கிறது?
— ஒரு தாத்தா, தூத்துக்குடி

என்ன இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும் ஐயா. உப்பளத்துப் பக்கம் விடியற்காலைப் பனியில் இன்சுலேட்டர் 'சுர்ர்ர்' என்று இரைந்து, மேலே ஊதா நிறத்தில் பொறி ஊர்ந்து ஓடுவதை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! கடற்காற்றில் வந்த உப்பு பீங்கானில் படிகிறது. காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. பனி இறங்கி நனைந்ததும் அந்த உப்புப் படலம் கரண்டைக் கடத்த ஆரம்பிக்கிறது, கடைசியில் ஃப்ளாஷ்ஓவர் ஆகி, அதாவது மின்பொறி இன்சுலேட்டரைத் தாண்டிப் பாய்ந்து, லைன் டிரிப். நீங்கள் நடுராத்திரி டார்ச்சோடு போய்த் தேடியதும் அதைத்தான்.

ஹை வோல்டேஜ் லேபில் அதையே உள்ளே வைத்துச் செய்து பார்ப்பார்கள். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணையும் உப்பையும் தண்ணீரில் குழைத்து இன்சுலேட்டர்மேல் பூசி, காயவைத்து, பனிமூட்டம் எழுப்பிய அறைக்குள் தொங்கவிட்டு வோல்டேஜ் ஏற்றுவார்கள். எவ்வளவு உப்புக்கு எந்த வோல்டேஜில் போகிறது, பீங்கானுக்குப் பதில் தண்ணீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் ஆராய்ச்சி. கிண்டியில் இதற்கென்றே தனி எம்.இ. இருக்கிறது.

காசு விஷயம்: கேட் தேர்வில் தேறி எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன்பின் 42,000. ஆக, படித்துக்கொண்டே சம்பாதிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கல்லூரியின் பெயரைவிட கைடு யார் என்று பார்க்கட்டும். அவரிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்து, "சார் வாரம் ஒருமுறையாவது லேபுக்கு வருவாரா?" என்று கேட்கட்டும். அவர்கள் பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதையும் கவனிக்கட்டும். நீங்களும் உங்கள் டிரிப் கதைகளையெல்லாம் அவளுக்குத் தேதி, இடம், வானிலையோடு எழுதிக் கொடுங்கள். தீசிஸில் முதல் அத்தியாயத்துக்கு ஆகும்.

கேள்வி: அச்சகத்தில் மெயின்டனன்ஸ் வேலை, வயது 34. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் படித்தேன். இனிமேல் டிகிரி முடியுமா?
— வாசகர், சிவகாசி

முடியும். நாம் மேலே பேசிய அதே ஐ.ஐ.டி. எலக்ட்ரிக்கல் துறை 2023-இல் பி.எஸ். எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்ற படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், வயது தடையில்லை. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்தி அதிலேயே ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். தேறினால் உள்ளே. பாடம் ஆன்லைனில், பரீட்சை நேரில். லேப் வகுப்புக்குச் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அந்த விடுப்பை இப்போதே முதலாளியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழ், டிப்ளமோ என்று கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. இது பி.இ. அல்ல, பி.எஸ். பி.இ., பி.டெக். என்று குறிப்பிட்டுக் கேட்கும் அரசு வேலைக்கு ஆசையிருந்தால் அறிவிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டு இறங்குங்கள். அடுத்தது கணக்கு. அச்சு மெஷினின் சென்சாரும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியும் உங்களுக்குக் கைவந்திருக்கும், அந்தப் பாடங்களில் இருபது வயதுப் பையன்களை நீங்கள் ஓரங்கட்டிவிடுவீர்கள். கால்குலஸ் அப்படி விடாது. பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தேடியெடுத்து வகையீடு, தொகையீடு இரண்டையும் இந்த மாதமே தொடங்குங்கள். தீபாவளிக்கு முந்தைய காலண்டர், டைரி சீசனில் ஓவர்டைம் போட்டுக்கொண்டு செமஸ்டரில் நிறையப் பாடம் எடுத்துவிடாதீர்கள், அந்தப் பருவத்துக்கு ஒன்றிரண்டு போதும். வீட்டம்மாவிடமும் ஞாயிற்றுக்கிழமைகள் இனி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.